கண்ணை மூடினால் ஒன்றும் தெரியவில்லை. மாயக் கதை எழுதலாமா?

தையல்கடை_வந்தவாசி கேட்டது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறவள், கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. வந்தவாசிப் பக்கம் ஒரு ஊரில் தையல்கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைப்பேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆள் வராது. அப்போது பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் கதை எழுதுவேன்.

இப்போது எழுதுவது ஒரு ஏரியைப் பற்றி. ஊர் ஏரி ஓர் அமாவாசை ராத்திரி எழுந்து பக்கத்து ஊருக்கு நடந்து போய்விடுகிறது. விடிந்து பார்த்தால் கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, மிஞ்சின தண்ணீர் வழிகிற கலங்கல் இருக்கிறது, கரைமேல் ஐயனார் மண்குதிரையோடு இருக்கிறார். தண்ணீர் மட்டும் இல்லை. பக்கத்து ஊரில் நேற்றுவரை மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டிருந்த கொல்லையில் ஏரி படுத்திருக்கிறது. ஏன் போனது, யார்மேல் கோபம் என்பதுதான் கதை.

எழுதியவரை எங்கள் வாட்ஸாப் எழுத்துக் குழுவில் போட்டேன். குழுவை நடத்துகிற சார் நல்லவர்தான். "கண்ணை மூடிக் காட்சியைப் பாருங்கள். ஏரி எழுந்திருப்பதை முதலில் நீங்கள் பார்த்தால்தான் வாசகர் பார்ப்பார்" என்றார். கண்ணை மூடினேன். இருட்டாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்தும் இருட்டாகவே இருந்தது.

மனசுக்குள் பார்க்கிறேன், கண்முன்னே நிற்கிறது என்றெல்லாம் ஜனங்கள் சொல்வது சும்மா பேச்சுக்கு என்றுதான் இத்தனை வயதும் நினைத்திருந்தேன். சந்தேகம் வந்து என் மகளிடம், "ஒரு யானையை நினைச்சுக்கோ, என்ன தெரியுது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. யானை கரும்பு தின்கிறதாம், இடது காது ஓரத்தில் கிழிந்திருக்கிறதாம், பின்னால் ஒரு சுண்ணாம்புச் சுவர் இருக்கிறதாம். எனக்கு யானை என்றால் யானை என்கிற செய்தி வரும். பெரிது, கறுப்பு, தும்பிக்கை. படம் வராது. செத்துப்போன என் அம்மாவின் முகம்கூட வராது. மூக்குத்தி எந்தப் பக்கம், முன்பல் எப்படி என்று கேட்டால் சொல்லிவிடுவேன். பார்த்துச் சொல்வதில்லை, தெரிந்து சொல்வேன்.

ஆனால் பயம் மட்டும் நன்றாக வருகிறது. மகள் காஞ்சிபுரத்தில் படிக்கிறாள். பஸ் அரை மணி நேரம் தாமதமானால் போதும்: பிரேக் பிடிக்கவில்லை, போன் நசுங்கிவிட்டது, எந்த ஆஸ்பத்திரி, யாரிடம் கடன் கேட்பது, கேட்டால் அந்த நாத்தனார் என்ன சொல்வாள் என்பதுவரை ஓடிவிடும். படமே இல்லாமல்.

இன்னொரு பக்கம் எங்கள் வீட்டுக்காரர். "ஏரி நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதை உக்காந்து எழுதுறதுக்கு நாலு புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சா காசாவது வரும்" என்கிறார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே இரண்டு கேள்வி. மனசில் படம் வராதவள் இந்த மாதிரிக் கதை எழுதலாமா? இல்லாததை எழுதுவதால் யாருக்கு என்ன?

---

பாலாற்றுக்காரன்:

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் ஏரி நடந்தெல்லாம் போவதில்லை. நாலு லாரி மண் அடித்து, கல் நட்டு, மனை போட்டு விற்றுவிடுகிறார்கள். அதை எழுதுங்கள். பார்த்ததை, பட்டதை எழுதுவதற்கே இங்கே ஆள் இல்லை. மாயம் மந்திரம் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்களுக்கு டிவி சீரியலில் வேண்டிய அளவு கிடைக்கிறது. மணிக்கணக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு வேறு உலகத்தில் மிதக்கிற ஜனங்களுக்கு இன்னொரு வேறு உலகம் எதற்கு?

உங்கள் தையல்கடையை வைத்தே ஒரு நல்ல கதை எழுதலாம். யார் யார் வருகிறார்கள், கூலியில் யார் பேரம் பேசுகிறார்கள் என்று. அதற்குக் கண்ணை மூடவே வேண்டாம்.

---

மருந்துக்கடை_மணி:

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். அக்கா, உங்களுக்கு இருப்பது எனக்கும் இருக்கிறது. அதற்குப் பெயரும் இருக்கிறது: அஃபான்டேசியா. நோய் இல்லை, மாத்திரையும் இல்லை (கடைக்காரன் சொல்கிறேன், நம்பலாம்).

விஷயம் பழையது. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 1880-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்று காலை நீங்கள் சாப்பிட உட்கார்ந்த மேசையை நினைத்துப் பாருங்கள், வெளிச்சமாகத் தெரிகிறதா, மங்கலாகவா, நிறம் இருக்கிறதா என்று பலரிடம் கேட்டு வாங்கினார். படித்த விஞ்ஞானிகளில் பலர், மனசுக்குள் படம் என்று ஒன்று உண்டா என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். நீங்கள் நினைத்த மாதிரியேதான், அது பேச்சுவழக்கு என்று நினைத்திருந்தார்கள்.

அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்தில் ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் மருத்துவரிடம், இதய சிகிச்சைக்குப் பிறகு மனப்படமே வராமல் போன ஒருவர் வந்தார். அவரைப் பற்றி 2010-ல் எழுதினார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பலர், எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று எழுதிவிட்டார்கள். அவர்களை விசாரித்து 2015-ல் ஜீமன் குழுதான் இந்தப் பெயரை வைத்தது. அவர்களில் நிறையப் பேருக்குத் தூக்கத்தில் கனவு படமாகவே வருகிறது. உங்களுக்கும் வருமே? எனக்கு வரும். விழித்திருக்கும்போது கூப்பிட்டால்தான் வராது.

எழுதலாமா என்று கேட்டீர்களே, மார்க் லாரன்ஸ் என்று ஒரு எழுத்தாளர் இருக்கிறார். எழுதுவதே ஃபேன்டசி நாவல்கள்தான், தடித்தடியாக. அவருக்கும் மனப்படம் கிடையாது, அவரே சொல்லியிருக்கிறார். பிக்ஸார் ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கும் கிடையாது. அவர் தன் ஊழியர்களிடம் விசாரித்தபோது, நல்ல அனிமேஷன் கலைஞர்களிலேயே சிலருக்கு இது இல்லை என்று தெரிந்தது. படம் வரைந்து பிழைக்கிறவர்களுக்கே தேவைப்படவில்லை, உங்களுக்கு ஏன்?

குழு சாரிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்குப் படம் வருகிறது, அதனால் எல்லாருக்கும் வரும் என்று நினைக்கிறார். அவ்வளவுதான்.

---

ஓய்வுபெற்ற_கணக்கு:

அம்மா, ஏரி நடந்து போனால் முதலில் மாட்டுகிற ஆள் நான். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன், உங்கள் பக்கத்து மாவட்டம். அதனால் உங்கள் கதையைக் கேட்டதும் எனக்கு ஏரிமேல் இரக்கம் வரவில்லை, அந்த ஊர் வி.ஏ.ஓ. மேல்தான் வந்தது.

ஊர் நிலங்களைப் பட்டியலிடுகிற 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேராக 'ஏரி' என்று எழுதியிருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் அங்கே ஏரி இல்லை. பக்கத்து ஊரில் புஞ்சை என்று பதிவாகி இருக்கிற பட்டா நிலத்தில் கடல்போலத் தண்ணீர் நிற்கிறது. பயிர்க் கணக்கான அடங்கலில் அந்தப் பசலிக்கு (வருவாய் ஆண்டுக்கு) என்ன பயிர் என்று எழுதுவது? மல்லாட்டை என்றா, கெண்டை மீன் என்றா? மீன்பாசியை, அதாவது ஏரி மீனைப் பிடிக்கிற உரிமையை, ஏலம் எடுத்தவர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். அவர் வலையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போனால் அந்த ஊரார் விடுவார்களா? ஆயக்கட்டு, அதாவது ஏரி பாய்கிற நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் அது ஊராட்சி ஒன்றியத்தின் ஏரி. போய்ச் சேர்ந்த ஊர் வேறு ஒன்றியத்தில் இருந்தால் மராமத்து யார் செலவு? வருஷா வருஷம் கணக்குத் தணிக்கை நடக்கிற ஜமாபந்தியில் கணக்கைப் புரட்டிக்கொண்டே அதிகாரி கேட்பார்: "ஏரி எங்கேய்யா?"

வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? வேடிக்கைதான், ஆனால் உங்கள் கதை இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஏரி எழுந்திருக்கும்போது அலை எப்படி மின்னியது, நிலா இல்லாத இருட்டில் எப்படி நெளிந்தது என்பதெல்லாம் படம் தெரிகிறவர்கள் எழுதட்டும். நீங்கள் ஒரு பொய் சொல்லிவிட்டீர்கள். ஏரி நடந்தது. இனிமேல் ஒரு பொய்யும் சொல்லக் கூடாது. அந்த ஒரு பொய்க்கு என்னென்ன செலவு என்று பைசா சுத்தமாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

நான் பையனாக இருந்தபோது 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தக் கையும் மறைந்திருந்தால் கதை நாலே பக்கத்தில் முடிந்திருக்கும். கை தெரியும் என்பதால்தான் அவன் அதை எங்கே ஒளிப்பான் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கம் திருப்பினோம். புதுமைப்பித்தன் ஒரு கதையில் கடவுளையே சென்னைக்கு வரவழைத்தார். எங்கே? பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேர்கிற முனையில், டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், வெற்றிலைக்குக் காசு இருக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிற கந்தசாமிப் பிள்ளையிடம். பிள்ளை அந்தக் கடவுளையே தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்ட வைக்கிறார். கடவுளை நம்புவதற்கு நமக்கு அந்தக் காலணாக் கணக்குப் போதுமாக இருக்கிறது.

படம் தெரிய வேண்டுமா என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. துரோபதை அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நீங்களும் பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் தபசுக்கு ஏறுகிற கைலாசம் என்று நட்டிருப்பது பனைமரம். ஏற வசதியாகக் குறுக்கே கட்டை அடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் பக்கத்து ஊர்க் கொத்தனார். பாதி வீட்டுக்குச் சுவர் வைத்தவர். ஒவ்வொரு படியிலும் நின்று பாடிப் பாடி மேலே போவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப்புடவையோடு படுத்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். அதைப் பிடிக்க விரிக்கிற முந்தானைகளைப் பார்த்தால் நமக்கே தொண்டை அடைக்கும்.

அங்கே நின்ற யாருக்காவது அவர் கொத்தனார் என்று தெரியாதா? அவருக்குக் கூலி பாக்கி வைத்திருந்தவரே என் பக்கத்தில் நின்று கும்பிட்டார். காலையில் வேஷம் கலைத்ததும் "நாளைக்கு வேலைக்கு வருவியாப்பா?" என்று அவரிடமே கேட்டார். யாரும் கண்ணை மூடி இமயமலையைப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாருடைய கண்ணும் திறந்திருந்தது, எல்லாரும் பார்த்தது பனைமரத்தைத்தான். ஆனால் மரத்தின் பக்கத்தில் ஒருவரும் செருப்புப் போட்டுக்கொண்டு போகவில்லை. செருப்பைக் கழற்றினால் போதும், மரம் கைலாசமாகிவிடும். எனக்குத் தெரிந்த கற்பனை இதுதான். ஒன்றை அப்படி என்று வைத்துக்கொண்டால், அதற்கு உண்டானபடி நடப்பது. மகள் பஸ் தாமதமானால் நாத்தனார் சொல்லப்போகிற வார்த்தைவரை உங்களுக்கு வருகிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?

இரண்டாவது கேள்வி, யாருக்கு என்ன என்பது. சர்வீஸில் இருந்தபோது சித்திரை வெயிலில் ஒருவர் வந்தார். ஏரி உள்வாயில் ஒரு துண்டு வளைத்துப்போட்டிருந்தார், வீடு கட்ட வேண்டும், ஏதாவது வழி பண்ணுங்கள் என்றார். "ஐயா, ஏரி நிறைந்தால் அங்கே தண்ணீர் என் மார்பு உயரத்துக்கு நிற்கும்" என்றேன். சிரித்தார். "சார், வந்து பாருங்க, புல்லுகூட இல்ல, பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க" என்றார். கண்ணெதிரே இருந்ததைத்தான் சொன்னார், ஒரு வார்த்தை பொய் இல்லை. இல்லாத தண்ணீரை ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்க அவருக்கு வரவில்லை. நம் முன்னோர்களுக்கு வந்தது. பொட்டல் மேட்டில் நின்றுகொண்டு, மழைக்காலத்தில் தண்ணீர் இதுவரை ஏறும், இங்கே கலங்கல் வேண்டும், இத்தனை உயரத்தில் வேண்டும் என்று கல் வைத்தார்கள். அன்றைக்கு அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்திருக்காது.

பாலாற்றுக்காரர் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் மாவட்டத்திலேயே மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். 1790-களில் கலெக்டராக இருந்த லியோனெல் பிளேஸ் துரை, அடைமழையில் கரை உடையப் போகிறது என்று பயந்து கரையிலேயே தங்கினார் என்பதும், நடுராத்திரி மின்னல் வெளிச்சத்தில் இரண்டு வாலிபர்கள் வில்லோடு கரையைக் காவல் காப்பதைப் பார்த்தார் என்பதும் ஊர் சொல்கிற கதை. ராமரும் லட்சுமணரும்தான் அப்படி வந்தார்களா என்ற வழக்கை விடுங்கள். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கலெக்டர் பெயரோடு தாயார் சந்நிதியில் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கரைக்கு ராமர் காவல் என்று ஒரு ஊரே இரண்டு நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காவல் இருக்கிற ஏரியில் மண் அடிக்க வருகிறவன் கொஞ்சமாவது தயங்குவான். நீங்கள் சொன்ன நாலு லாரிக்காரருடைய ஏரிக்கு அப்படி ஒரு கதை இருந்ததா?

கடைசியாக ஒன்று, உங்கள் ஐயனார். காவல் காக்கத்தானே அவரைக் கரைமேல் வைத்தார்கள்? ஏரி போய்விட்டது, அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி குதிரை ஏறிச் சுற்றிவருகிற சாமிக்குத் தெரியாமல் ஏரி எப்படிப் போகும்? தூங்கிவிட்டாரா, தெரிந்தே விட்டாரா? என் ஓட்டு இரண்டாவதற்கு.

---

தையல்கடை_வந்தவாசி:

ஐயா, மணி தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கணக்கு என்று சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் நான் ஜாக்கெட் வெட்டுவதே அப்படித்தான். தைத்து முடித்த ஜாக்கெட் வெட்டும்போது எனக்குக் கண்ணில் தெரியாது. துணியை நாலாக மடித்தால் 36 மார்புக்கு ஒரு பக்கம் 9, தையலுக்கும் பின்னால் பிரித்துவிடவும் சேர்த்து இன்னும் இரண்டு இஞ்ச். கைக்குழி எவ்வளவு இறங்க வேண்டும், பின்கழுத்து எவ்வளவு ஆழம் போனால் தோள் நிற்காது என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும். ஒரு டீச்சர் அம்மாவுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், கரும்பலகையில் எழுதி எழுதியோ என்னவோ. அவர் முகம் எனக்கு மனசில் வராது. ஆனால் அவர் நடந்து வரும்போது இடது பக்கம் கழுத்துப்பட்டி நழுவும் என்பது துணியில் சாக்பீஸ் வைக்கும்போதே தெரியும், அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஏற்றி வெட்டுவேன். போட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா இது மட்டும் நிக்குது?" என்பார். இத்தனை நாள் இதைத் தொழில் என்றுதான் நினைத்தேன்.

ஏரிக்கும் அப்படியே செய்துபார்த்தேன். தண்ணீர் போனால் முதலில் எதற்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டேன். தவளைக்குத் தெரியும். கொக்குக்குத் தெரியும். அப்புறம் ஏரிக்குள் நிற்கிற கருவேல மரத்தில் கட்டியிருந்த எருமைக்கு. பழைய தொடக்கத்தைக் கிழித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்:

"எருமை எப்போதும் கழுத்துவரை தண்ணீரில் கிடக்கும். அன்றைக்கு விடிகாலையில் அது குளிர்ந்துபோய் எழுந்து நின்றது. கயிறு இருந்தது, மரம் இருந்தது. வயிற்றில் ஒட்டியிருந்த சேறு காயத் தொடங்கியிருந்தது. மீன்பாசி ஏலம் எடுத்த ராமலிங்கம் கரைமேல் வந்து நின்று, முதலில் எருமையைத்தான் திட்டினார்."

குழுவில் போட்டதும் சார், "அருமை, இப்போது நீங்கள் பார்த்துவிட்டீர்கள்" என்று எழுதினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐயனார் விஷயத்தில் உங்கள் ஓட்டை ஏற்றுக்கொண்டேன். தெரிந்தே விட்டார். காரணம் பாலாற்றுக்காரர் தம்பியின் நாலு லாரி. கதையில் லாரி முதல்நாளே வந்து அளந்துவிட்டுப் போகிறது. ஆகவே தம்பி, உங்கள் கதையும் உள்ளே வந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் எருமையைப் படித்துக் காட்டினேன். "ராமலிங்கத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டார். ஏரி நடக்காது என்று இந்த முறை சொல்லவில்லை. ஐயா, கிடைக்குமா?

---

மாம்பலத்து_வாசகி:

நடுவில் நுழைகிறேன். நான் இருப்பது மேற்கு மாம்பலம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரியைப் பார்த்த சாலை. போய் நின்று பார்த்தால் மளிகைக்கடை, ஏடிஎம், டியூஷன் சென்டர். ஏரி கிடையாது. இந்தப் பக்கமாக நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. எங்கள் ஊர் ஏரிகள் எல்லாம் தையல்கடை அக்காவின் ஏரிக்கு முன்னாடியே கிளம்பிவிட்டன.

2015 டிசம்பரில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது. மாமியாரைத் தூக்கி மாடிப்படியில் உட்காரவைத்தோம். அவர் அந்தக் குளிரிலும் சொன்னார், "ஏரி அதோட இடத்தைப் பாத்துட்டுப் போக வந்திருக்கு." நாங்கள் யாரும் அதை ஃபேன்டசி என்று நினைக்கவில்லை. அப்போது கேட்ட பேச்சிலேயே அதுதான் சரியான தகவலாகப் பட்டது.

அக்கா, உங்கள் ஏரி திரும்பி வருமா வராதா என்பதை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

---

பாலாற்றுக்காரன்:

லாரியைச் சேர்த்ததற்கு நன்றி அக்கா. ஆனால் எனக்கு இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. நிஜத்தில் ஏரி எழுந்து தப்பிப் போவதில்லை, மண்ணுக்கடியில்தான் போகிறது. கதையில் அது பிழைத்துக்கொண்டால் படிக்கிறவனுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். "பரவாயில்லை, ஏரி தப்பிச்சிருச்சு" என்று புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவான். எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. மற்றபடி எருமை நன்றாக இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற_கணக்கு:

தம்பி சொல்வது நியாயமான சங்கடம், அம்மா. அதைத் தள்ளிவிடாதீர்கள். ஏரி போய்ப் படுத்த கொல்லை யாருடையது? மல்லாட்டை போட்டவன் ஏழையாக இருந்தால் உங்கள் ஏரி தப்பித்ததற்கு அவன்தான் விலை கொடுத்திருக்கிறான். அவன் வீட்டுப் பக்கமும் ஒரு அத்தியாயம் போய்விட்டு வாருங்கள், படிக்கிறவருக்கு அவ்வளவு சுலபமாகத் தூக்கம் வராது.

ராமலிங்கம் பணத்துக்கு வருகிறேன். வாய்மொழியாகக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் நடக்காது, மனு கொடுக்க வேண்டும். அவர் சார்பில் நானே ஒன்று எழுதிப் பார்த்தேன், கதைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"பொருள்: ஏரி இடம்பெயர்ந்தது — மீன்பாசி ஏலத்தொகை திரும்பக் கோருதல் — தொடர்பாக.

ஐயா, நான் மேற்படி கிராமத்தில் நடப்புப் பசலிக்கு மீன்பாசி ஏலம் எடுத்து முழுத்தொகையும் செலுத்தி ரசீது பெற்றுள்ளேன். கடந்த அமாவாசையன்று இரவு மேற்படி ஏரி யாதொரு முன்னறிவிப்பும் இன்றித் தன் எல்லையைவிட்டுச் சென்றுவிட்டது. மதகு, கலங்கல், கரை ஆகியவை நல்ல நிலையில் உள்ளன. மீன்கள் ஏரியுடன் சென்றுவிட்டன. அருகிலுள்ள கிராமத்தார் என்னை வலை வீச அனுமதிக்க மறுக்கிறார்கள். எனவே ஐயா அவர்கள் நேரில் தணிக்கை செய்து, ஏரி இல்லை என்பதற்குச் சான்று வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஏரி இல்லை என்று எந்த வி.ஏ.ஓ.வும் லேசில் சான்று கொடுக்க மாட்டான், நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். பதிவேட்டில் இருக்கிறதே! ராமலிங்கத்தை நடையாய் நடக்கவிடுங்கள். மனுவின் கீழே ஊர், தேதி, கையொப்பம் மூன்றும் இருக்கட்டும், ஏலத்தொகை கட்டிய ரசீதின் நகலையும் இணைக்கச் சொல்லுங்கள். நகல் இல்லாவிட்டால் முதல்நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.